படபடப்பு

"இந்தச் சத்தத்துல கிடந்தா இவ செத்தே போயிடுவா சிஸ்டர். வேலை செய்யற நிலைமையில இல்லைன்னு எழுதிக் கொடுங்க. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

தகரப் பட்டறையின் முதலுதவி அறை. காலையிலிருந்து நின்று நின்று என் கால் இரண்டும் கெஞ்சிக்கொண்டிருந்தன. இதில் இந்தப் பஞ்சாயத்து வேறு.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் தகடு அடிக்கிற மெஷின்காரி. கொஞ்ச நாளாக நெஞ்சுப் படபடப்பு. பேசியவர் அவள் வீட்டுக்காரர். தங்கமான மனுஷன், பொண்டாட்டியை அதட்டிக்கூடப் பேச மாட்டார் என்று பட்டறையே சொல்லும்.

இவளானால் தலையைக் குனிந்துகொண்டு, "வேலையை விட மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். இப்படித் தாங்குகிறவரிடம் என்ன வீம்பு? எனக்கே எரிச்சல் வந்தது.

"சரி, சத்தந்தான் காரணமான்னு பாத்துடுவோம்" என்று நாடித்துடிப்பு காட்டுகிற கிளிப்பை அவள் விரலில் மாட்டினேன். எண்பது காட்டியது.

கதவைத் திறந்தேன். தடார் தடார் என்று மெஷின் அடி. துடிப்பு தொண்ணூறைத் தொட்டது.

"நான் சொல்லல?" என்றார் அவர்.

"திடீர்னு சத்தம் கேட்டா யாருக்கும் ஏறும் சார். பொறுங்க."

நாலைந்து அடி விழுவதற்குள் பழையபடி எண்பதுக்கே வந்துவிட்டது. வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய காது. கதவைச் சாத்தினேன். அறை அமைதியானது.

அவர் அவள் பக்கம் குனிந்தார். பூனை நடக்கிற மாதிரி குரல்.

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். எண் நூறைத் தாண்டியது. நூற்றிப் பத்து. நூற்றி முப்பது.

கிளிப் நழுவிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவள் கைதான் ஜில்லிட்டுப் போயிருந்தது.

"சார், கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் இருந்தா என்ன சிஸ்டர்? புருஷன்தானே..."

"வெளியில இருங்க சார்."

கதவைத் திறந்து போட்டுவிட்டே போனார். பட்டறைச் சத்தம் மொத்தமும் உள்ளே வந்து காதை அடைத்தது. எண் மளமளவென்று இறங்கியது.

"உங்க வேலை எங்கயும் போகாதும்மா. நான் எழுதித் தரேன்" என்றேன்.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ராத்திரி ஷிப்டும் எனக்கே போடச் சொல்றீங்களா, சிஸ்டர்?"