பாதிச் சம்பளம்

"இந்த மாசமும் முதலாளி பாதிச் சம்பளந்தான் தந்தான்ட்டி" என்றான் மசூது, துபாயிலிருந்து.

"லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க மச்சான்" என்றாள் மனைவி ஜுஹைனா.

"கொடுத்தா ஊருக்கு ஏத்தி விட்டுருவான். அங்கன நம்ம வீட்டு வேலை எப்படி நடக்கு?"

"பூச்சு முடிஞ்சிட்டு. பீகார்க்காரரு கூலி கேக்காரு."

"பாதியக் கொடு. அவன் யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறான்?"

ஜுஹைனா வாசலைப் பார்த்தாள். அச்சன்புதூர் வெயிலில், மணல் குவியல்மேல் உட்கார்ந்து அந்த ஆள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு இந்தி தெரியாது. அந்தக் களைத்த குரல் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"என்னட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் மச்சான். கூலிய அப்பமே முழுசாக் கொடுத்துட்டேன்."

பொய் சொல்லிவிட்டு, அதை உண்மையாக்க பீரோவைத் திறந்தாள்.