நாற்பதைத் தாண்டாத கார்

பழைய கார்கள் ஈயம் கலக்காத பெட்ரோலைக் குடித்தால் அன்றைக்கே மண்டையைப் போட்டுவிடும் என்று உலகம் நம்புகிறது. இது பிழை. சாதாரணப் பிழையல்ல, மனித குலமே தலைகுனிய வேண்டிய பிழை. இன்ஜினுக்குள் வால்வு வந்து உட்காரும் இடம், அதாவது வால்வு சீட், கொஞ்சம் தேயும். அவ்வளவுதான். அதுவும் வண்டியை விரட்டினால்தான்.

இதை மாமனாருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை பெட்ரோல் பரிசோதனைக்கூடத்தில். தப்பான தகவல் காதில் விழுந்தால் சாப்பாடு இறங்காது.

சனிக்கிழமை. தன்னைவிடக் கொஞ்சமே இளைய அந்தக் காரை மாமனார் நாற்பதில் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார், பின்சீட்டில் மாப்பிள்ளை. ஒரு தண்ணீர் லாரி அவர்களைத் தாண்டிப் போனது. பிறகு ஒரு டிராக்டரும்.

பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் மாமியாரின் அக்கா இருக்கிறார். ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிந்துவிடும். மாமனார் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பவே நாலாகிவிடும். போன வாரம் "சாப்ட்டியா?", "சாப்ட்டேன்" என்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

"மாமா, கொஞ்சம் அழுத்துங்களேன். ரோடு காலியாத்தானே இருக்கு?"

"வேணாம் மாப்ளே. இது ஈயம் போட்ட பெட்ரோல் குடிச்சு வளர்ந்த வண்டி. இப்ப வர்ற பெட்ரோல்ல வேகமா போனா வால்வு போயிடும்."

"ஈயம் இல்ல மாமா, காரீயம்."

"ஏதோ ஒண்ணு. அதான் டிக்கியில மருந்து வச்சிருக்கேனே. பெட்ரோல் போடறப்பல்லாம் ஒரு மூடி."

மாமியார் உச்சுக் கொட்டினார். "கட்டின பொண்டாட்டி இருமினா ஒரு மூடி மருந்து ஊத்தித் தந்தது கிடையாது. இதுக்கு மட்டும் வேளாவேளைக்கு!"

மாமனார் சிரித்தார். முள் நாற்பதிலேயே நின்றது.

மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைவிட வால்வு பெரிதா? அக்காவும் தங்கையும் இன்னும் எத்தனை சனிக்கிழமை பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

அப்படி என்னதான் மருந்து அது?

இல்லத்தில் மாமியார் இறங்கி உள்ளே ஓடினார். மாமனார் டீ வாங்கப் போன நேரத்தில் மாப்பிள்ளை டிக்கியைத் திறந்தார். பாட்டிலை முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் சுட்டுக்கொண்டார்.

பரிசோதனைக்கூடத்தில் சோதித்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் சோதித்தார்.

அடுத்த சனிக்கிழமை, மாமியார் உள்ளே போனதும் மாமனாரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. பாட்டில்ல இருக்கிறது வெறும் பெட்ரோல். கூடக் கொஞ்சம் சிவப்புச் சாயம்!"

மாமனார் இல்லத்துக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மெதுவா பேசுங்க மாப்ளே. நான்தான் கலந்தேன்."

"நீங்களா?"

"வால்வு சீட்டெல்லாம் எப்பவோ ஸ்டீல்ல மாத்தியாச்சு. நூறுல போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் எதுக்கு மாமா இந்தக் கூத்து?"

"உங்க அத்தை போன பஸ் கவுந்துச்சே, ஞாபகம் இருக்கா? காயம் ஆறிடுச்சு, பயம் ஆறல. நாற்பதைத் தாண்டினா மூச்சு திணறும். அவ பக்கத்துக் கதவுக் கைப்பிடியைப் பாருங்க."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். இறுக்கிப் பிடித்துப் பிடித்து, கைப்பிடியின் ரப்பர் விரல் விரலாகத் தேய்ந்திருந்தது.

"அதைச் சொல்லிட்டே மெதுவா ஓட்டலாமே மாமா?"

"சொன்னா, 'என்னால எல்லாருக்கும் தொந்தரவு'ன்னு வீட்டோட உக்காந்துடுவா. ஒரு வருஷம் அப்படித்தான் அக்காவைப் பாக்காமலே இருந்தா. வியாதி வண்டிக்குன்னா, திட்டிக்கிட்டே வந்து ஏறிக்கிறா."

உள்ளே மணி அடித்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இந்த ஓட்டை வண்டியால இன்னிக்கும் பேச்சு பாதியில நின்னுபோச்சு. படிச்சவர்தானே மாப்ளே, நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லக் கூடாதா?"

மாப்பிள்ளை அவருக்கு முன்கதவைத் திறந்துவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாமனாருக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை தன் புத்தம்புதுக் காரில் மாமியாரை அழைத்துப்போனார்.

அதுவும் நாற்பதைத் தாண்டவில்லை. இப்போது வரும் பெட்ரோலே சரியில்லையாம். பரிசோதனைக்கூடத்து மாப்பிள்ளையே சொன்னார்.