செவலைக் காளை வழக்கு

"ஆறு மாசமா?" என்று மாதையன் தலையில் கைவைத்துக்கொண்டு தருமபுரிக் கோர்ட்டு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தூணோரம் நின்ற சாலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழட்டுச் செவலைக் காளையை இளங்காளை என்று அந்த இண்டூர்க்காரர் தலையில் கட்டியவன் அவள் புருஷன் சென்றாயன், மாரண்டஹள்ளி மாட்டுத் தரகன். ஆறு மாத ஜெயில் போதாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

வித்தை எளியதுதான். பல் முளைத்து முடிந்த மாட்டுக்கு வயது கொம்பில் தெரியும். அடியில் வருஷத்துக்கு ஒன்றாக வளையம் விழும். சென்றாயன் அந்த வளையங்களைக் கண்ணாடிச் சில்லால் இழைத்து, விளக்குக் கரியும் எண்ணெயும் தடவிப் பதினான்கு வயதை ஏழாக்கிவிட்டான். மழையில் கரி கரைந்ததும் வளையங்கள் மறுபடி தலைகாட்டின. வந்த பணமும் மகள் கல்யாணத்தோடு கரைந்துபோனது.

காளை ஏரில் பூட்டினால் படுத்துக்கொள்ளும். இன்று சாட்சிப் பொருளாக ஓட்டிவந்தபோதும் கோர்ட்டு வாசலிலேயே படுத்துவிட்டது. மூன்று போலீஸ்காரர்கள் வாலை முறுக்கியும் எழவில்லை. கடைசியில் மாஜிஸ்ட்ரேட்தான் எழுந்து வெளியே வந்து பார்த்தார்.

"தீனின்னா மட்டும் எந்திரிச்சு நிக்குதுங்க சாமி. மூணு மாசமா ஒரு வைக்கப்போரு போச்சு," என்று மாதையன் வாக்குமூலம் கொடுத்தார்.

குற்றம் ருசுவாகிவிட்டது. வக்கீல் குமாஸ்தா கரீம் சாயபு சாலம்மாளை ஓரமாக அழைத்து நிதானமாக விளக்கினார். சென்றாயனுக்கு இது முதல் குற்றம். அப்படிப்பட்டவனை உள்ளே போட்டால் பழைய திருடர்களோடு பழகி இன்னும் கெட்டுப்போவான் என்று சட்டமே பயப்படுகிறது. அதனால் ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்பலாம். நிலமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இவன் மறுபடி மாட்டிக்கொண்டால் அவர் இருநூறு ரூபாய் கட்டுவார்.

"மத்தியானத்துக்குள்ள ஆளைக் கூட்டியாம்மா. இல்லேன்னா ஆறு மாசம்தான்."

சாலம்மாள் ஓடினாள். கோர்ட்டுக்கு வந்திருந்த நிலக்காரர்கள் எட்டுப் பேரைக் கெஞ்சினாள். அதில் ஐந்து பேர் வீட்டில் சென்றாயன் விற்ற மாடு நின்றுகொண்டிருந்தது. மற்ற மூன்று பேர் வீட்டில் படுத்திருந்தது.

மத்தியானமாயிற்று. ஜார்ஜ் மன்னர் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த மாஜிஸ்ட்ரேட், ஜாமீன் நிற்க யாராவது உண்டா என்று கேட்டார். கூண்டில் சென்றாயன் கும்பிட்ட கையோடு நின்றான். சாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் நிக்கறனுங்க சாமி."

கண்ணைத் திறந்தால், மாதையன். மடியிலிருந்து நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

ஏமாந்தவரே ஏமாற்றியவனுக்கு ஜாமீனா? மாஜிஸ்ட்ரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; இத்தனை வருஷத்தில் இப்படியொரு பெருந்தன்மையைத் தாம் கண்டதில்லை என்றார். கரீம் சாயபு எழுத்துக்கூலி வாங்காமலே பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

சென்றாயன் உள்ளே கைரேகை வைத்துக்கொண்டிருக்க, சாலம்மாள் வாசலுக்கு ஓடிவந்து மாதையன் காலில் விழுந்தாள்.

"எங்க குலசாமியே நீங்கதானுங்கண்ணா. உங்களுக்கு நாங்க என்ன செய்யப் போறோம்?"

மாதையன், பக்கத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த காளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் புருசனை நாளைக்கே எங்க வூட்டுக்கு அனுப்பும்மா, செவ்வாச்சந்தைக்குள்ள அந்தக் கொம்பை இன்னொருக்கா இழைச்சுக் குடுக்கட்டும்."