ஒரே ஒரு வெற்றி

"அடிச்சது நீங்கதானே? மறைக்காம சொல்லிடுங்க ஐயா!"

மீன்தொட்டிக் கடைக்காரரின் கையிலிருந்த சின்ன வலை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. யார் காட்டிக் குடுத்தது?"

"ரெஃப்ரி."

"அந்த ஆள் இன்னுமா உசுரோட இருக்கான்?"

வந்தவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேசிய கால்பந்துச் சங்கத்தின் வரலாற்று அலுவலர் அவர். போன மாதம் வரை அதே சங்கத்தில் பேனா, பென்சில் பிரிவில் இருந்தவர். பந்தைக் காலால் தொட்டதுகூட இல்லை. பொன்விழா மலருக்கு அணியின் சாதனை வரலாற்றை எழுதும் வேலையை, பேனா இருக்கிற பிரிவாயிற்றே என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

சாதனை என்னவோ ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக் கூடியதுதான். ஐம்பது வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். தொண்ணூற்றேழில் தோல்வி. பதினான்கு டிரா, அதில் ஆறு மழையின் புண்ணியம். ஒரே ஒரு வெற்றி. இதே ஊர் மைதானத்தில், ஒன்றுக்குப் பூஜ்யம்.

அந்த ஒரு கோலை அடித்தது யார் என்பதில்தான் வந்தது வில்லங்கம். பதிவேட்டில் சரியாக அந்தப் பெயரை மழைநீர் கரைத்திருந்தது. நிருபர்கள் யாரும் அன்று வரவில்லை. இந்த அணி ஜெயிக்கும் என்று எவன் கண்டான்? உயிரோடு இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் ஏழு பேரைத் தனித்தனியே கேட்டால், ஏழு பேரும் "நான்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். அதில் ஒருவர் கோல்கீப்பர்.

"நாலு மணிக்குள்ள உண்மையான ஆளைப் பிடிச்சுட்டு வா. இல்லேன்னா காத்துப்போன பந்தெல்லாம் கிடக்குதே, அந்தக் குடோனுக்கு உன்னைத் தூக்கிப் போட்டுடுவேன்" என்று தலைவர் சீறியிருந்தார். இப்போது மணி மூன்றே முக்கால்.

"ஐயா, என் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு."

"நான் கையால அடிக்கல தம்பி. தலையாலதான் அடிச்சேன்."

"அதுக்கு ஆதாரம்?" ஏழு பேரிடம் சூடுபட்ட அலுவலர் இந்த முறை உஷாராக இருந்தார்.

கடைக்காரர் குனிந்து நரைமுடியை ஒதுக்கிக் காட்டினார். உச்சந்தலைக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. பந்தை முட்டிய வேகத்தில் அந்த ஆள் கம்பத்திலும் முட்டிக்கொண்டான் என்று ரெஃப்ரி சொன்னது அப்படியே பொருந்தியது.

அலுவலர் பரபரவென்று நோட்டைத் திறந்தார். "ஒண்ணு விடாம சொல்லுங்க!"

"கடைசி நிமிஷம். கார்னர் கிக். பந்து உசரத்துல வருது. எங்க கோல்கீப்பர் என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு 'விடுடா, விடுடா'ன்னு கத்தறான். என் கெட்ட நேரம், காதுல விழல. எகிறி விட்டேன் ஒரு முட்டு. உள்ள போயிடுச்சு."

"கெட்ட நேரமா! என்ன ஒரு தன்னடக்கம் ஐயா உங்களுக்கு!" அலுவலரின் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல ஓடியது.

அப்போது அவர் செல்போன் அலறியது. தலைவர்தான். "ஆள் கிடைச்சாரா, இல்ல குடோன் சாவியைக் குடுத்தனுப்பட்டுமா?"

"கிடைச்சுட்டார் சார்! தழும்போட இருக்கார்!"

"சபாஷ்! ஸ்டேடியம் வாசல்ல எட்டடி சிலை. டி.வி.காரங்க கிட்ட இப்பவே சொல்லிடறேன். பீடத்துல 'தாய்நாட்டின் தவப்புதல்வன்'னு நேத்தே செதுக்கியாச்சு, பேர் மட்டும்தான் பாக்கி. உன்னை இனிமே யாரும் அசைக்க முடியாதுய்யா!"

போனை வைத்தபோது அலுவலரின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்திருந்தது. கடைக்காரரோ இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

"சிலையா? எனக்கா? வேணாம் தம்பி. எங்க டீம் ஆளுங்க கண்ணுல பட்டா, வந்து உடைச்சிடுவாங்க!"

"பொறாமை புடிச்ச கூட்டம் ஐயா அது. அந்த ஏழு பேரையும் நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க, வண்டி நிக்குது."

கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். பாவம், இத்தனை வருஷம் ஒரு மனுஷன் வாய் திறக்காமல் மீன்களோடு கிடந்திருக்கிறாரே என்று அலுவலர் உச்சுக் கொட்டினார். மலரின் கடைசிப் பாராவுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்.

"இவ்வளவு பெரிய கோலைப் போட்டுட்டு, அதுக்கப்புறம் ஏன் ஐயா நீங்க ஆடவே இல்ல?"

கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பெருமூச்சு விட்டார்.

"எங்கேருந்து ஆடறது தம்பி? அன்னிக்கே எங்க டீம் என்னை மட்டும் இங்க விட்டுட்டு, எங்க நாட்டுக்கு ஃபிளைட் ஏறிடுச்சே!"