நூல் நுனி

சாயங்கால வெயில் தையல்கடையின் கண்ணாடிக் கதவு வழியாக இறங்கி, மெஷின் மேலிருக்கும் எண்ணெய்க் குப்பியிலும் அதை ஒட்டி நிற்கும் கிருமிநாசினி பாட்டிலிலும் மினுங்குகிறது. தையல்காரர் நீல நூலை ஊசிக் காதில் நுழைக்கப் பார்க்கிறார்; நுனி பிரிந்து பிரிந்து போகிறது. பழக்கதோஷத்தில் அதை உதட்டில் வைத்து நனைத்துவிட்டு, நெருப்பைத் தொட்டவர்போல் உதறி எறிகிறார். பிரித்துத் தைக்க வந்த யாருடைய சட்டையிலோ இருந்த குண்டூசி அவர் விரலில் குத்திய நாளிலிருந்து இந்தப் பாடுதான். எச்ஐவி வந்துவிட்டது என்று மனசு அடித்துச் சொல்கிறது. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். மகள் ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி நிமிர்கிறாள். "ரத்தம் ரெண்டு தடவை பாத்தாச்சு. ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரம்மா தலையில அடிச்சுக்காத குறையா சொல்லிட்டாங்க. இன்னும் என்னங்க?" "மாத்திப் பாத்திருந்தா? வேற யாரோட ரத்தத்தையாவது?" அவள் எழுந்து வருகிறாள். கீழே கிடக்கும் நூலை எடுத்து, அவர் நனைத்த அதே நுனியைத் தன் உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஒரே மூச்சில் ஊசியில் கோத்துவிடுகிறாள். "ஐயோ, துப்புடி! துப்பித் தொலை!" "எச்சில்ல வராதுங்க. உங்களுக்கு இருந்தாத்தானே வர்றதுக்கு?" அவள் கீழுதட்டில் நீலமாக ஒரு பிசிறு ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்க அவர் கை எழுகிறது. அவள் முகத்தை விலக்காமல், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அந்தரத்தில் நிற்கும் கை மெல்லத் திரும்பி, கிருமிநாசினி பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நீட்டுகிறது.