அல்சருக்கு ஓர் எண்ணெய்

"அங்கியக் கழட்டுங்க சாமி. இத்தோட உள்ள போனீங்கன்னா அவருக்குத் தெரிஞ்சுபோய்டும்."

பின்வாசல் வழியாகப் பாதிரியாரை அடுப்பங்கரைக்குள் கடத்திவந்த கையோடு பட்டம்மாள் போட்ட முதல் உத்தரவு இது.

ஜான்சன் சாமி வெள்ளை அங்கியைக் கழற்றிக் கொடுத்தார். ரேஷன் பை தொங்குகிற ஆணியில் அவள் அதை மாட்டினாள். பேன்ட் சட்டையில் நின்றவர் தன் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டதும் ஆள் பழையபடி டாக்டர்.

ஆமாம், நிஜமாகவே டாக்டர்தான். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், இனிமேல் குணமாகாது என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற வேலை. நாற்பது வயசுக்கு மேல் திடீரென்று குருமடத்துக்குப் போய்ப் பாதிரியாராகி ஆம்பூருக்கு வந்துவிட்டார். பழைய வேலையை விட்டுவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், எங்கே விட்டேன், ஓவர்டைம் பார்க்கிறேன் என்பார்.

தெருவுக்குத்தான் குழப்பம். மாத்திரை கேட்டு வருகிறவர்கள் டாக்டர் என்றார்கள், ஜெபம் கேட்டு வருகிறவர்கள் சாமி என்றார்கள். பட்டம்மாளுக்கு இன்றைக்கு இரண்டு பேரும் வேண்டும். ஆனால் வெளியே ஒருவர்தான் தெரிய வேண்டும்.

உள்ளே கட்டிலில் படுத்திருக்கிற அவள் புருஷன் தேவசகாயத்துக்கு வயிற்றில் புற்று. ஷூ கம்பெனியில் காலமெல்லாம் கட்டிங் மிஷினோடு மல்லுக்கட்டிய மனுஷன். இனிக் கொஞ்ச நாள்தான் என்று தெரிந்ததும், அவரிடம் அல்சர் என்று சொல்லிவைத்தாள். சொன்ன பொய்க்கு விசுவாசமாக, காரம் ஆகாது, மசாலா ஆகாது என்று இரண்டு மாசமாக வெறும் கஞ்சி. தெருமுனை பிரியாணிக் கடையில் அண்டாவைத் திறக்கிற நேரம் பார்த்து ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அவரிடம் சொல்லிவிடலாமே என்று சாமி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். மனுஷன் உடைந்துபோவார் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அதே சமயம், சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமி ஜெபித்து நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசுகிற எண்ணெய் இல்லாமல் அவரை அனுப்பிவைக்கவும் மனசு வரவில்லை. பூசவும் வேண்டும், பூசியது தெரியவும் கூடாது. அதற்குத்தான் இந்த நாடகம்.

காலித் தைல பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்திருந்தாள். மந்திரித்த எண்ணெயை இதில் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு, புருஷன் விழித்திருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கப் போனாள். திரும்பி வருவதற்குள் பாட்டில் பாதி நிறைந்திருந்தது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை வேறு. நல்ல நாளாகத்தான் அமைந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு பாட்டிலைத் திறந்தார்.

"வீட்டு எண்ணெய்தாங்க, பயப்படாதீங்க."

அடேயப்பா! சாமி இவ்வளவு அழகாகப் பொய் சொல்வார் என்று பட்டம்மாள் எதிர்பார்க்கவே இல்லை.

நெற்றியில் தடவினார். உதடுகள் மட்டும் அசைந்தன. யாரும் கேட்காமலே தேவசகாயம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றவளுக்குத் திக்கென்றது. அல்சருக்கு உள்ளங்கையில் எண்ணெய் தடவுவார்கள் என்று இவருக்கு யார் சொன்னது?

கையிலும் தடவிவிட்டுச் சாமி நல்லபிள்ளையாக எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக் மக்கர் பண்ணும்போது ஒரு குரல் எடுப்பாரே, அந்தக் குரலை எடுத்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக!"

"உம்மோடும் இருப்பாராக."

பதில் கட்டிலிலிருந்தும் வந்தது, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தும் வந்தது. சின்ன வயசிலிருந்து சொல்லிப் பழகிய வாய், யாரைக் கேட்டுக்கொண்டு சொல்லும்?

இனி ஒளிந்து என்ன பிரயோஜனம்? பட்டம்மாள் வெளியே வந்தாள். தேவசகாயம் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"போன வாரம் நீ ரேஷன் கடைக்குப் போனப்பவே சாமியக் கூப்ட்டுப் பூசிக்கினேன் பட்டு. நீ தாங்கமாட்ட, சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

அவள் குனிந்து அவர் நெற்றியை மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். அவள் அடுப்பங்கரை அலமாரியில் இருப்பதேதான். போன வாரமே பூசியாயிற்றே, மந்திரித்தது இன்னொரு தடவை எதற்கு?

திரும்பி முறைத்தாள். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை மீறாமலே இரண்டு பேரையும் மாட்டிவிட்ட சாமி, ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டம்மாளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கடைசியில் இரண்டு மாசமாக அடக்கிவைத்த அழுகையும் வந்தது. புருஷன் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எண்ணெய்க் கையோடு அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அழுகையின் நடுவே அவளுக்கு ஒன்று உறைத்தது. தலையைத் தூக்கினாள்.

"யோவ், எல்லாம் தெரிஞ்சுக்கினா அந்தக் கஞ்சியக் குடிச்ச?"

"நீ ஊட்டுனியே."

பட்டம்மாள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிரியாணி வாசனை வீடு முழுக்க வந்து உட்கார்ந்தது.

"அல்சர்தான் இல்லன்னு ஆய்டுச்சே, இனிமே இன்னா? வாங்கியா பட்டு, நாலு வாய் சாப்ட்டுக்கறேன்."

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறியா? பட்டம்மாள் பதறிப்போய்ச் சாமியைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பாக்கறீங்க? நான் டாக்டர், தாராளமா சாப்டட்டும். சாமி அடுப்பங்கரையில தொங்கறாரு, வேணும்னா அவரைப் போய்க் கேளுங்க."

அடுப்பங்கரைக்குப் போனாள். ஆணியில் தொங்கிய வெள்ளை அங்கியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.