ஓடிபி பாறை

"கேப்ஸ் லாக்கு விழுந்திருக்கா பாரும்மா!" என்று நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டார் அதிகாரி ஜீவானந்தம்.

"அதெல்லாம் பாத்துட்டேன் சார். மூணு வாட்டி அடிச்சாச்சு. பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது," என்றாள் ஆபரேட்டர் கீதாஞ்சலி.

"நேத்து வரைக்கும் அதாம்மா என் பாஸ்வேர்டு!"

"தொண்ணூறு நாளைக்கு ஒரு தரம் மாத்தணும் சார். நீங்க மாத்தல. அதுவே பூட்டிக்கிச்சு."

மேசைக்கு எதிரே நின்ற மாதையனுக்கு இந்தப் பேச்சில் பாதி புரியவில்லை. செல்போன் கோபுரம் கேட்டு ஊர்க்காரர்கள் அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் ஜீவானந்தம் கம்ப்யூட்டருக்குள் போய்த் தன் பரிந்துரையை ஏற்றாவிட்டால் மனு தானாகவே காலாவதியாகிவிடும். பிறகு மறுபடி மனு, மறுபடி நடை. வீட்டில் மருமகளுக்கோ இது எட்டாம் மாதம். வலி எடுத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருவர் மலைப்பாறை ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாறை வழுக்கும். அதை நினைத்து அவருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"வேற வழியே இல்லியா பாப்பா?" என்றார்.

"இருக்குண்ணா. சார் போனுக்கு ஆறு நம்பர் ஓடிபி வரும். அத மூணு நிமிசத்துக்குள்ள இங்க அடிச்சா புது பாஸ்வேர்டு போட்டுக்கலாம்."

மூவரும் ஒரே நேரத்தில் ஜீவானந்தத்தின் போனைப் பார்த்தார்கள். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கம்பி பிடித்து இன்டர்நெட் மலையேறி வந்துவிட்டது. போனுக்குத்தான் வழி தெரியவில்லை. ஊருக்கே சிக்னல் கிடைப்பது ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற பாறையின் உச்சியில், அதுவும் திருப்பத்தூர்ப் பக்கம் பார்த்து நின்றால். ரேஷன், பேங்க் என்று ஆளாளுக்கு ஏறி ஏறி, பாறையின் பழைய பெயர் மறந்து ஓடிபி பாறை என்றே ஆகிவிட்டது.

"எனக்கு முட்டி ஒத்துக்காதே மாதையா," என்று ஜீவானந்தம் காலைத் தடவினார்.

"நீங்க ஏன் சார் ஏறணும்? போனை இப்புடி குடுங்க. மேல போய்ட்டு துண்ட வீசறேன். அத்த பாத்துட்டு பாப்பா பட்டன அமுத்தட்டும்."

பத்து நிமிடத்தில் பாறை உச்சியில் துண்டு ஆடியது. கீதாஞ்சலி பட்டனை அழுத்தினாள். ஓடிபி வந்ததுதான் தாமதம், மாதையன் போனைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க இறங்கி ஓடிவந்தார். மூன்று நிமிடம் பாதி வழியிலேயே தீர்ந்துபோனது.

"யோவ், போனை எடுத்துக்கினு ஏன்யா வர்ற? அங்கியே நின்னு கத்த வேண்டியதுதான?" என்றார் ஜீவானந்தம்.

"கத்துனா காத்து தூக்கினு போய்டும் சார். நடுவுல ஒரு ஆளு வேணும்."

நடுச் சரிவில் சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்சவல்லி, இரண்டாம் முறை ஏறிய கணவனை நிறுத்தினாள்.

"இன்னாயா, ஏறறதும் எறங்கறதுமா கீற? பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?"

"நம்ம டவருக்குத்தான் புள்ள. நான் மேலேர்ந்து சொல்றத அப்புடியே கீழ கத்து. ஒரு நம்பர் வுட்டாலும் போச்சு."

துண்டு ஆடியது. பட்டன் அழுத்தப்பட்டது. போன் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. நான்கு நிமிடம் கழித்து, கெட்டுப்போன ஓடிபி சாவகாசமாக வந்து சேர்ந்தது.

கீதாஞ்சலி வாசலுக்கு ஓடிவந்து கத்தினாள். "அக்கா! இன்னும் ஒரே வாட்டிதான்! இதுவும் போனா நாளைக்குத்தான் தொறக்கும்னு சொல்லுங்க!"

அம்சவல்லி அதை மேலே ஏற்றினாள். மணி நான்கு ஐம்பது. மாதையன் போனைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் போன் துள்ளியது.

"நாலு! ரெண்டு! ஒம்போது!"

"நாலாம்! ரெண்டாம்! ஒம்போதாம்!" என்று அம்சவல்லியின் குரல் சரிவில் உருண்டது. அடுத்த மூன்றும் அதே வேகத்தில் வந்து விழுந்தன.

"தொறந்துக்கிச்சு சார்!" என்று கீதாஞ்சலி துள்ளிக் குதித்தாள்.

சொல்லக் கூடாது, ஜீவானந்தம் நல்ல மனிதர். தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'இவ்வூரில் செல்போன் சிக்னல் அறவே இல்லை. கோபுரம் மிக மிக அவசியம்.' நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பரிந்துரை மேலே போய்ச் சேர்ந்தது.

இரைக்க இரைக்க வந்து நின்ற மாதையன் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க குடும்பம் நல்லாருக்கணும் சார். நான் டவர் வந்தாப்பலயே நினைச்சுக்கறேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொதல்ல ஒக்காந்து டீ குடி," என்றார் ஜீவானந்தம்.

முப்பது நாளாக மனுவைத் திரும்பிப் பார்க்காத மேலிடம், இதற்கு மூன்று நிமிடத்தில் பதில் அனுப்பியது. கீதாஞ்சலி அதை முதலில் தனக்குள்ளேயே படித்தாள்.

"சத்தமா படிம்மா. அவரும் கேக்கட்டும்."

அவள் படித்தாள்: "'சிக்னல் இல்லை என்ற தங்கள் கூற்று ஏற்கப்படவில்லை. இன்று மாலை 4.52 மணிக்குத் தங்கள் செல்போனுக்கு வந்த ஓடிபி, ஒரே நிமிடத்தில் தங்கள் அலுவலகக் கணினியில் பதிவாகியுள்ளது. அவ்வூரில் சிக்னல் மிக நன்றாக இருப்பதால் கோபுரம் தேவையில்லை; மனு முடித்துவைக்கப்பட்டது.'"